பொதுப்பெயர் மருந்துகளின் உயிர்ச்சமானச் சோதனையில் இருகட்டத் தகவமைவு வடிவமைப்பு: புள்ளியியல் சிக்கல்கள்

நாமக்கல் மாவட்டத்தின் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைமீதுள்ள அரசு சுகாதார நிலையங்களுக்கு வந்துசேரும் மாத்திரைகள், 1994இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக ஒப்பந்தப்புள்ளி முறையில் கொள்முதல் செய்யப்படுபவை. ஒப்பந்தம் மாறினால் உற்பத்தி நிறுவனமும் மாறக்கூடும். ஃபெனிட்டாயின் உட்கொள்ளும் வலிப்பு நோயாளிக்கு இம்மாற்றம் சிறியதன்று. 1960களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் ஃபெனிட்டாயின் உறைகளின் நிரப்புப் பொருளான கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்க்கப்பட்டது. மருந்தின் அளவு மாறவில்லை. எனினும் இரத்தச் செறிவு உயர்ந்து நோயாளிகள் பலர் நச்சு விளைவுக்கு ஆளாயினர். மலையிலிருந்து இறங்கிச் சென்று இரத்தச் செறிவை அளந்துகொள்ளும் வாய்ப்புக் குறைந்தவர்க்கு, மருந்துக்கு முன்கூட்டியே நடந்த சோதனையே காப்பு.

சமானத்தின் அளவுகோல்

முன்னோடி மருந்தையும் பொதுப்பெயர் மருந்தையும் நலமுள்ள தன்னார்வலர்க்கு வரிசை மாற்றி அளித்து, இரத்தத்தில் சேரும் மொத்த அளவையும் உச்சச் செறிவையும் ஒப்பிடுவதே உயிர்ச்சமானச் சோதனை. இரண்டின் பெருக்குச் சராசரி விகிதத்திற்கான 90% நம்பக இடைவெளி முழுவதும் 80.00% முதல் 125.00% வரையிலான எல்லைக்குள் அடங்க வேண்டும். நீரில் எளிதில் கரையாத மருந்துகளை உள்ளடக்கிய இரண்டாம், நான்காம் வகுப்பு மருந்துகளுக்கு இச்சோதனையை இந்திய அரசு 2017 ஏப்ரலில் கட்டாயமாக்கியது. ஃபெனிட்டாயின் இரண்டாம் வகுப்பைச் சார்ந்தது.

எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உண்மை விகிதம் 0.95 எனவும் சோதனைத் திறன் 80% எனவும் கொண்டால், ஒரே நபரிடம் காணும் மாறுபாட்டுக் கெழு 20% ஆயின் 20 பேர் போதும். 30% ஆயின் 40 பேர் தேவை. அக்கெழுவோ சோதனைக்கு முன் திட்டமாகத் தெரிவதில்லை. குறைவாக மதிப்பிட்டால் நல்ல மருந்தும் தோற்கும். மிகையாக மதிப்பிட்டால் தேவையின்றிப் பலர் மருந்து உண்டு குருதி கொடுக்க நேரும். முதற்கட்ட முடிவைக் கண்டு இரண்டாம் கட்டத்தின் அளவை வகுக்கும் தகவமைவு வடிவமைப்பு இதற்கு விடையாக எழுந்தது.

இருமுறை நோக்குதலின் விலை

சமானமற்ற மருந்தைச் சமானம் என ஏற்பது முதல்வகைப் பிழை. இதன் சுமை நோயாளியைச் சேர்வது. இரண்டாம் வகைப் பிழையின் இழப்போ உற்பத்தியாளருடையது. நெறிமுறைகள் முதல்வகைப் பிழைக்கு 5% என்னும் கடும் வரம்பு விதிப்பதன் காரணம் இதுவே. சம அளவுள்ள இரு கட்டங்களின் முடிவிலும் 5% மட்டத்திலேயே சோதித்தால் மொத்தப் பிழை ஏறத்தாழ 8% ஆகிவிடும். போக்காக் 1977இல் முன்வைத்த முறையின்படி இரு முறையும் 0.0294 மட்டத்தில் சோதிப்பது, அதாவது 94.12% நம்பக இடைவெளியைக் கொள்வது, வழக்கமான தீர்வு. ஐரோப்பிய மருந்து முகமையின் 2010ஆம் ஆண்டு நெறிமுறையும் இதனை எடுத்துக்காட்டாக ஏற்கிறது.

ஆயினும் அந்த எண் சம அளவுள்ள கட்டங்களுக்காகக் கணிக்கப்பட்டது. தகவமைவு ஆய்வில் இரண்டாம் கட்டத்தின் அளவு முதற்கட்டத்தில் கண்ட மாறுபாட்டைப் பொறுத்தது. ஆகவே கணிப்பின் அடிப்படையே நெகிழ்கிறது. பாட்வினும் உடனாய்வாளர்களும் 2008இல் இம்முறைகளைக் கணினிவழி உருவகப்படுத்தி ஆராய்ந்தனர். அவர்களின் 'பி' முறையில் பிழை 5%க்குள் அடங்கியது. போதிய திறன் இருப்பின் முதற்கட்டத்திலேயே முழு 5% மட்டத்தில் சோதிக்க இடந்தரும் 'சி' முறையில் அது 5.10% வரை சென்றது. 5.2% வரை ஏற்கலாம் என ஆய்வாளர்களே வரம்பு வகுத்திருந்தனர். மிகை சிறிதே, ஆனால் உருவகப்படுத்தல், தான் ஆராய்ந்த சூழல்களுக்கு மட்டுமே சான்று.

ஃபெனிட்டாயினுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பாதுகாப்பு இடைவெளி குறுகிய மருந்துகளுக்கு ஐரோப்பிய எல்லை 90.00% முதல் 111.11% வரை சுருங்குகிறது. பாட்வின் குழுவினரின் கணிப்போ 80–125 எல்லைக்கும் 0.95 விகிதத்திற்கும் உரியது. 0.0294ஐ மட்டும் அங்கிருந்து எடுத்துக் குறுகிய எல்லையில் பொருத்துவது சான்றற்ற செயல். அச்சூழலுக்கெனத் தனி உருவகப்படுத்தல் வேண்டும். முதற்கட்டத்தில் 12 பேரே இருப்பின் கெழுவின் மதிப்பீடும் உறுதியற்றது. உண்மை விகிதம் 0.90 ஆயின், 0.95ஐக் கொண்டு வகுத்த இரண்டாம் கட்டம் எண்ணிய திறனை எட்டாது.

மௌரர், ஜோன்ஸ், சென் ஆகியோர் 2018இல் விளக்கிய முறை வேறு வழியில் செல்கிறது. இரு கட்டங்களின் சான்றுகளைத் தனித்தனியே கணித்து, முன்னரே நிறுவிய எடைகளால் இணைப்பதால், பிழைக் கட்டுப்பாட்டிற்குக் கோட்பாட்டு அடிப்படை கிடைக்கிறது. எடைகளை முடிவு கண்டபின் மாற்றினால் அக்காப்பு இல்லை. எனவே எடை, நிறுத்த விதி, மேல் எல்லை ஆகியன முதல் தன்னார்வலர் மருந்துண்ணும் முன்பே நெறிமுறை ஆவணத்தில் இடம்பெற வேண்டும். கொள்முதலுக்குப் பின் ஆய்வகங்கள் ஒவ்வொரு தொகுதியிலும் மருந்தின் அளவையும் கரைதலையும் சோதிக்கலாம். உயிர்ச்சமான ஆய்வில் நுழைந்த பிழையை அச்சோதனைகள் வெளிக்காட்டுவதற்கில்லை.