எலித்தொல்லையா? மருந்து வைக்கும் முன் ஓட்டையை அடையுங்க!

மழை ஆரம்பிச்சா போதும். சாக்கடை ஓரத்து வளைகளில் தண்ணீர் புகுந்து, எலிகள் வீட்டுக்குள் படையெடுக்கின்றன. அரிசி சாக்கை ஓட்டை போடுவது, துணியை குதறுவது, பைக் ஒயரை அறுப்பது என எலிகளின் அட்டகாசம் தாங்காமல் பலரும் உடனே ஓடுவது மருந்து வாங்கத்தான். அதில்தான் ஆபத்தே இருக்கிறது.

சென்னையை அடுத்த குன்றத்தூர் அருகே 2024-ம் ஆண்டு நவம்பரில், எலியை ஒழிக்க மருந்து வைத்த வீட்டில் ஏ.சி. போட்டு தூங்கிய குடும்பத்தில் 2 குழந்தைகள் பரிதாபமாக இறந்தனர். பெற்றோரும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டுக்கு தமிழக அரசு தடை விதித்து உள்ளது. இதை குழந்தை தெரியாமல் வாயில் வைத்து விட்டால் முதலில் வாந்தி வரும். பிறகு ஓரிரு நாள் நன்றாக இருப்பது போல தெரியும். 'சரியாப் போச்சு'ன்னு வீட்டில் இருந்து விடுவார்கள். அதற்குள் கல்லீரல் கெட்டு விடும். இதற்கு தனியாக முறிவு மருந்து கிடையாது. வாயில் பட்டதாக சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பென்சில் நுழையும் ஓட்டை

சுண்டெலிக்கு பென்சில் நுழையும் அளவு ஓட்டை போதும். தலை போனால் உடம்பும் போய்விடும். பாத்ரூம் தண்ணீர் போகும் துவாரம், சிங்க் குழாய் சுவரில் இறங்கும் இடம், வாசக்கதவின் அடி, ஓட்டு வீடு என்றால் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து - இவைதான் எலி வரும் வழி.

இங்கே பழைய துணியையும், தெர்மாகோலையும் திணிப்பது வீண் வேலை. எலியின் முன்பல் சாகும் வரை வளரும். அதனால் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை திணித்து மேலே சிமெண்ட் பூசினால் கடிக்க முடியாது. தண்ணீர் போகும் துவாரத்துக்கு இரும்பு சல்லடை, கதவு அடியில் தகரப்பட்டை அடிக்கலாம். ரப்பர் கியாஸ் டியூபை மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டும். எலி கடித்த தடம் தெரிந்தால் உடனே மாற்றி விடுங்கள்.

ரேஷன் அரிசியை மூடி போட்ட டிரம்மில் கொட்டுங்கள். ராத்திரி எச்சில் பாத்திரத்தை போட்டு வைத்தால் எலிக்கு விருந்துதான்.

உள்ளே வந்துவிட்ட எலிக்கு பொறியே போதும். புதுப்பொருளை கண்டால் எலிக்கு பயம். எனவே 2, 3 நாள் பொறியை மாட்டாமல் வெறும் வடையோ, கருவாடோ வைத்து பழக்க வேண்டும். சுவர் ஓரமாகத்தான் எலி ஓடும். பொறியையும் அங்கேயே வைக்கணும்.

எலிப்புழுக்கையை காய்ந்தபடி பெருக்கக்கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, ஊறிய பிறகு துடைக்க வேண்டும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் கால் புண் வழியாக ஏறினால் எலிக்காய்ச்சல் வரும். மழைத்தண்ணீரில் நடந்தவர்களுக்கு காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.