பண்டிகைக்குப் பின் எஞ்சுவது என்ன?

தை பிறப்பதற்குள் பழைய தஞ்சை ஜில்லாவின் கிறிஸ்தவ வீடுகளில் தொங்கிய காகித நக்ஷத்திரங்கள் இறங்கிவிடுகின்றன. குடில்கள் பிரிக்கப்படுகின்றன, குடிலில் பரப்பிய வைக்கோல் மாட்டுத் தொழுவத்திற்குப் போய்விடுகிறது. நள்ளிரவில் கோயில் நிறைய நின்ற கூட்டம் அடுத்த ஞாயிறன்று பாதியாகக் குறைகிறது. இந்தச் சோர்வு கிறிஸ்தவ சகோதரர்களுக்கு மட்டும் உரியதென்று நாம் சொல்ல வரவில்லை. ஜனவரி 26-ந் தேதி கொடியேற்றி முழங்கிவிட்டு, 27-ந் தேதி காலை பழைய மனிதர்களாகவே எழுந்திருக்கும் தேசபக்தர்களும் இதே நோய்க்கு ஆளானவர்களே. ஆகவே, பண்டிகை தந்த ஆனந்தத்தைப் பண்டிகைக்குப் பின் காப்பது எப்படி என்பது நம் எல்லோருக்கும் பொதுவான கேள்வி.

திருச்சபையின் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். டிசம்பர் 25-ந் தேதியோடு அவர்கள் கணக்கை முடிக்கவில்லை. ஜனவரி 6-ந் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளையும், பிப்ரவரி 2-ந் தேதி, நாற்பதாம் நாள், பாலகனைத் தேவாலயத்தில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளையும் வைத்தார்கள். ஆயினும் பஞ்சாங்கம் நாளைக் குறிக்குமேயன்றி, மனத்தை நிரப்பாது.

மனத்தை நிரப்பும் வழியைக் கண்ட ஒருவர் தஞ்சையில் வாழ்ந்தார். 1774-ல் பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரைச் சிறுவயதிலேயே சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துவந்தார். பின்னாளில் அரசராகிய சரபோஜியும் சுவார்ட்ஸ் ஐயரின் ஆதரவில் வளர்ந்தவரே. சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ஞான ஏற்றப்பாட்டும் ஞான நொண்டி நாடகமும் செய்தார். காவிரிக் கரையின் ஜனங்கள் தங்கள் வயலிலும் வாசலிலும் அறிந்திருந்த பாட்டு வகைகளிலேயே வேதக் கதையை அவர் அமைத்தார். கோயிற் கதவு சாத்திய பின்னும் பாட்டு வீட்டிலே ஒலித்தது. 1864-ல் அவர் மறைந்த பின்பும் அவர் கீர்த்தனைகள் மறையவில்லை. சொந்த மொழியிலும் சொந்த ராகத்திலும் பாடும் பக்திக்குப் பருவம் கிடையாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால், உண்மையை மறைத்து ஒருவரைப் புகழ்வது நம் வழக்கமன்று. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வித்தியாசம் கூடாதென்று உத்தரவிட்டபோது, தஞ்சைக் கிறிஸ்தவர் பலர் அதை எதிர்த்தனர். சாஸ்திரியாரும் எதிர்த்தவர் பக்கமே நின்றார். தொழுவத்தில் பிறந்தவரைத் தேனினும் இனிய தமிழில் பாடியவருக்கு, அத்தொழுவத்திற்கு உரிய எளியவரோடு ஒரே வரிசையில் அமர்வது கடினமாயிருந்தது. இன்றுங்கூடத் தமிழ்நாட்டில் சில இடங்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தினுள் ஜாதிச் சுவர் நிற்கிறது. பாட்டு அவசியம், பாட்டு மட்டும் போதாது.

இந்த நெல் நாட்டிலே கிறிஸ்துமஸை ஒட்டிய இரண்டு நாட்களை நாம் மறக்கலாகாது. முதலாவது, 1968 டிசம்பர் 25. அன்றிரவு, அப்போது தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கீழ்வெண்மணியில், அரிஜன விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். கூடுதலாகக் கொஞ்சம் நெற்கூலி கேட்டதை ஒட்டி எழுந்த தகராறு அது. மாண்டவர் எந்தத் தெய்வத்தைத் தொழுதனர் என்று கேட்பது அற்பம். பூமியிலே சமாதானம் என்ற செய்தி ஆலயந்தோறும் வாசிக்கப்பட்ட அதே நாளின் இரவில் இது நடந்தது. 1969-ல் கீழ்த்தஞ்சைப் பகுதிக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதற்குக் கொடுத்த விலை பெரிது.

இரண்டாவது நாள், 2004 டிசம்பர் 26. பண்டிகைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களையும் நாகைக் கரையின் மீனவர்களையும் ஆழிப்பேரலை வாரிச் சென்றது. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அன்று கிறிஸ்துமஸ் மகிழ்ச்சியைப் பற்றி யார் பேசமுடியும்? ஆனால் அன்றுதான் அதன் பொருள் தெரிந்தது. ஆலயங்களும் கோயில்களும் கலியாண மண்டபங்களும் திறந்தன. நாகூர் தர்காவில் அகதிகளுக்குச் சோறு கிடைத்தது. மதம் கேளாமல் பிரேதங்களுக்கு அங்கே மண்ணும் கிடைத்தது. நக்ஷத்திர விளக்கு அணைந்துபோன கரையில் மனிதர் ஒருவருக்கொருவர் விளக்காயினர்.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் இதே ஜில்லாவில் வாழ்ந்த கிறிஸ்தவரே. 1876 முதல் 1878 வரை பஞ்சம் வாட்டியபோது, தம் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு அன்னமிட்டார். அவர் ஈகையைச் சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் பாடினார். பஞ்ச காலத்தில் ஒருவர் வீட்டில் எரியும் அடுப்பே அவருடைய விசுவாசத்தின் அளவு.

டெல்டா விவசாயிக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறோம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ந் தேதி மூடுகிறார்கள். வாய்க்கால் வறண்டுவிடும். ஆனால் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே, நிற்கும் சம்பாப் பயிருக்கு நடுவே, ஈரமுள்ள மண்ணில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல் அறுபட்டுப் போன பின் மண்ணில் தங்கிய ஈரமும் இரவில் விழும் பனியுமே அதை வளர்க்கின்றன. ஈரம் காய்ந்த பிறகு தெளித்தவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

பண்டிகையின் ஈரம் நெஞ்சில் இருக்கும்போதே விதைத்துவிட வேண்டும். கிறிஸ்தவ நண்பர்களே! அறுப்புக் களத்தில் கூலி நெல்லைக் குறையாமல் அளவுங்கள். கல்லறைச் சுவரை இடியுங்கள். சேரி வீட்டில் அமர்ந்து உண்ணுங்கள். மாலை வேளையில் பிள்ளைகளோடு பாடுங்கள். கிறிஸ்தவர் அல்லாத நாமும் நமது பண்டிகைகளுக்குப் பின் இவ்விதமே செய்வோமாக. அப்போது அடுத்த மார்கழியில் ஏற்றும் நக்ஷத்திரம் வெறும் காகிதமாக இராது.