பழைய பாட்டிலோடு ஒரு மரக்கட்டையும் கிடைச்சுதா? தூக்கிப் போட்டுடாதீங்க!

அரியலூர், பெரம்பலூர் பக்கம் மண்ணைத் தோண்டி எது வந்தாலும், முதல்ல ‘டைனோசரா இருக்குமோ’ன்னுதான் தோணும். 2020 அக்டோபரில் குன்னம் பகுதியில் உருண்டையாகக் கிடைத்தவற்றை டைனோசர் முட்டை என்று ஊரே ஷேர் செய்தது. பார்த்தால், அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியோடு தொடர்புடைய படிவங்கள்!

சரி, கடக்கால் தோண்டும்போது பழைய பாட்டில்களோடு, குட்டிக் கிண்ணம் போல ஒரு மரக்கட்டை வருது. கிண்ணத்துக்கு நடுவுல முளை நீட்டிக்கிட்டு இருக்கு. என்ன அது?

கோலி சோடா ஓப்பனர். விஸ்கியில் சோடா கலந்து குடித்த வெள்ளைக்காரர்களின் பார்களுக்கு ஏற்ற சாமான். மண்ணில் மரம் மட்கிவிடும் என்பதால், முழுசாகக் கிடைப்பது அபூர்வம்.

பக்கத்தில் கழுத்து நெரித்தது போன்ற பாட்டில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872-ல் காப்புரிமை பெற்ற டிசைன் அது. பாட்டிலைத் தலைகீழாக வைத்து சோடா நிரப்புவார்கள். கேஸ் அழுத்தம், கோலியை வாயிலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். ஓப்பனரின் முளை கோலியை உள்ளே தள்ளும். ஊற்றும்போது கோலி மறுபடி வந்து அடைக்காமல் இருக்கத்தான் கழுத்தில் அந்த ரெண்டு குழிகள். (கோலிக்காகவே பாட்டிலை உடைத்த பசங்களிடம் தப்பித்தவை கொஞ்சம்தான்!)

அடிப்பக்கம் முட்டை போல இருக்கும் பாட்டில் இதற்கும் முந்தைய ரகம். நிற்க முடியாதபடி வேண்டுமென்றே செய்தது. படுத்தே கிடந்தால்தான் கார்க் நனைந்திருக்கும், கேஸ் போகாது.

வயசை எப்படிக் கண்டுபிடிப்பது? அச்சுக்கோடு வாய் வரை போகாவிட்டால் பழசு என்பார்கள். கோலி சோடாவுக்கு அந்தக் கணக்கு உதவாது. கோலியை உள்ளே போட்ட பிறகே வாயை அமைப்பார்கள். இந்த பாட்டில் நம்ம நாட்டில் இப்போதும் தயாராகிறது வேற! கண்ணாடியில் புடைத்திருக்கும் கம்பெனி பெயர், ஊர் பெயர்தான் நல்ல துப்பு. டார்ச்சைச் சாய்வாக அடித்து போட்டோ எடுங்க.

ஆன்லைனில் விற்கும் முன் ஒரு நிமிஷம். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி, 100 வருஷம் தாண்டிய வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருளாகலாம். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வியாபாரமாக விற்க லைசென்ஸ் வேணும். புதைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டரிடம் சொல்லணும் என்கிறது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். ‘பாட்டில் வேட்டை’ன்னு கங்கைகொண்டசோழபுரம் மாளிகைமேட்டுப் பக்கம் மண்வெட்டியோடு போயிடாதீங்க. தொல்லியல் துறை தோண்டி, சீனப் பானை ஓடுகளை எடுத்த இடம் அது.

கிடைத்ததை வெந்நீரில் போட வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும். சாதாரணத் தண்ணீரில் ஊற வைங்க. மரக்கட்டையை வெயிலில் காய வைக்காதீங்க, வெடிச்சுடும். மூடி திறக்காத பாட்டிலில் ஏதாவது திரவம் இருந்தா, திறந்து மோந்து பார்க்கிற வேலையே வேண்டாம்.