ஒரு வார லீவில் பனிமலை ஏறலாமா? கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு!

மறைமலைநகரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது கோவளம். அந்த மீனவ ஊரிலிருந்து போன ராஜசேகர் பச்சை, 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அதே மாதம் 23-ம் தேதி விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்செல்வியும் ஏறி, எவரெஸ்ட்டைத் தொட்ட முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆனார். (1984-ல் பச்சேந்திரி பால் ஏறியதும் ஒரு மே 23-ல்தான்!)

கடற்கரைக்காரர்களால் முடியும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எவரெஸ்ட் போகிறவர்கள் ஏப்ரலில் கிளம்பி, மே பாதிக்கு மேல்தான் உச்சிக்குப் போகிறார்கள். அவ்வளவு நாளும் ஏறிக்கொண்டே இருப்பதில்லை. கொஞ்சம் ஏறி, இறங்கி, தூங்கி, மறுபடி ஏறி என்று உடம்பைப் பழக்குகிறார்கள்.

நம் போனில் வரும் ரீல்ஸோ 'ஐந்தே நாளில் பனிச்சிகரம்' என்கிறது. தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்ப்பவர்களும், பொத்தேரி பக்கம் படிக்கும் பிள்ளைகளும் அதைப் பார்த்துவிட்டு 'நமக்கு ஸ்டாமினா போதுமா?' என்று யோசிக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. லீவு எத்தனை நாள்?

ட்ரெக்கிங் வேறு, பனியாறு வேறு

வருஷக்கணக்காக விழுந்த பனி இறுகிக் கட்டியாகி, தன் எடையிலேயே மெல்ல நகர்ந்து இறங்குவதுதான் பனியாறு. கங்கை பிறக்கும் கோமுகம் என்கிறோமே, அது கங்கோத்ரி பனியாற்றின் வாய். நகரும்போது பனிக்கட்டி வெடித்து ஆழமான பிளவுகள் விழும். புதுப்பனி அவற்றை மூடிவிட்டால் மேலே பார்க்க வெள்ளைத் தரைதான். அதனால்தான் இங்கே தனியாக நடப்பதில்லை. இடுப்பில் ஹார்னஸ் மாட்டி, சில மீட்டர் இடைவெளியில் எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொள்வார்கள். ஒருவர் பிளவில் விழுந்தால் மற்றவர்கள் அப்படியே தரையில் சாய்ந்து, ஐஸ் ஆக்ஸைப் பனியில் குத்தி நிறுத்த வேண்டும். ஷூவுக்கு அடியில் க்ராம்பான் என்ற இரும்புப் பற்கள் வேறு. இதையெல்லாம் பனியிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு முழு நாளாவது ஆகும். நாளைக் குறைக்கும் பேக்கேஜில் முதலில் காணாமல்போகக்கூடியது இந்தப் பயிற்சி நாள்தான்.

புதியவர்களை அதிகம் அழைத்துப்போகும் சிகரங்களில் ஒன்று, மணாலிக்கு மேலே இருக்கும் ஃப்ரெண்ட்ஷிப் பீக். உயரம் 5,289 மீட்டர். மணாலி சுமார் 2,050 மீட்டர். நடுவில் பக்கர்தாச், லேடி லெக் என்று முகாம்கள். உச்சிக்கு நள்ளிரவு தாண்டியதும் கிளம்புவார்கள். இரவில் பனி கெட்டியாக இருக்கும். வெயில் ஏறினால் இளகிக் கால் புதையும், பிளவை மூடிய பனியும் பலம் இழக்கும்.

அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஜிம் உடம்பெல்லாம் இதில் சலுகை வாங்கித் தராது. நன்றாக ஓடுகிறவர் வேகமாக ஏறிவிடுவார், அதனாலேயே முதலில் படுத்துவிடுவதும் உண்டு.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாமல் அங்கேயே தங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, குடித்தவர்போலத் தள்ளாடுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் உடனே கீழே இறங்க வேண்டும், நள்ளிரவாக இருந்தாலும். மாத்திரை போட்டுச் சமாளித்துக்கொண்டு ஏறும் வேலை கூடாது. முன்கூட்டியே போடும் மாத்திரையும் டாக்டரைக் கேட்டுத்தான்.

இப்போது லீவுக் கணக்கு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லிக்கு ஏறத்தாழ 33 மணி நேரம். அங்கிருந்து மணாலிக்கு ஓர் இரவு பஸ். போக, வர ஐந்து நாள் போய்விடும். மலையில் எட்டு நாள், வானிலை கெட்டால் காத்திருக்க இரண்டு நாள். மொத்தம் பதினைந்து! விமானத்தில் போனால் மூன்று நாள் மிச்சமாகலாம். மலை நாளில் மிச்சம் பிடிக்க முடியாது. லே வரை பறந்தால் இன்னும் கவனம் தேவை: காலையில் கடல் மட்டம், மதியம் 3,500 மீட்டர்.

பணம் கட்டும் முன்

கைடு எந்த நிறுவனத்தில் பயிற்சி எடுத்தவர், ஒரு கைடுக்கு எத்தனை பேர், ஆக்சிஜன் சிலிண்டர் எந்த முகாம் வரை வரும், ஒருவரைக் கீழே இறக்க வேண்டியிருந்தால் யார் கூடப் போவார், இன்ஷூரன்ஸ் அந்த உயரத்துக்கும் செல்லுமா? இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேட்டு வாங்குங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் ப்ரோ' என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். 'உச்சி கேரண்டி' என்று சொல்பவரிடமும் போகாதீர்கள்.

நல்ல கைடு இருந்தாலும் ஆபத்து மிச்சம் இருக்கிறது. 2022 அக்டோபர் 4-ம் தேதி, உத்தரகாசியின் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனக் குழுவைத் திரௌபதி கா டண்டா-2 சிகரத்தில் பனிச்சரிவு வாரிக்கொண்டு போனது. 27 உடல்கள் கிடைத்தன, இருவர் கிடைக்கவில்லை. இறந்தவர்களில் அந்த ஆண்டு எவரெஸ்ட் ஏறிய பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். வீட்டில் அம்மா அப்பாவிடம் 'சும்மா டூர்' என்று சொல்லிவிட்டுப் போகிற இடமல்ல இது.

முறையாகக் கற்க நினைப்பவர்களுக்கு இதே நிறுவனத்திலும், 1954-ல் தொடங்கிய டார்ஜிலிங் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனத்திலும் அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், இடம் கிடைக்கக் காத்திருக்கவும் வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்குக் கஷ்டம்தான். கல்லூரிப் பிள்ளைகள் செமஸ்டர் விடுமுறையில் போகலாம். என் கேட்டால் பேக்கேஜைவிட இதுதான் மேல்.

உடம்பைத் தயார்செய்ய இங்கேயே வழி இருக்கிறது. திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு 565 படிகள். முதுகில் பத்து கிலோ பையோடு வாரம் இரண்டு நாள், மூன்று மாதம் ஏறி இறங்குங்கள். இறங்கும்போதுதான் முட்டி பழகும். படியில் பழகுவது கால்தான், நுரையீரலுக்கான பழக்கம் மலையில் தங்கும் நாள்களில்தான் வரும்.

டிக்கெட் விஷயம் ஒன்று. உச்சிக்குப் போகும் நாளுக்கு மறுநாளே திரும்பும் ரயில் போடாதீர்கள். ரயில் பிடிக்கும் அவசரத்தில் 'இன்னிக்கே ஏறிடலாம்' என்று கைடை நெருக்குவோம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஜூன் கடைசியில் திரும்புகிறவர்கள் ஏப்ரல் கடைசியில், அந்த இரண்டு காத்திருப்பு நாளையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.