கோவலன் காணாத மதுரை

சிலப்பதிகாரத்தை நாடகக் காப்பியம் என்பர் நம்மவர். முடிவால் அது துன்பியல் நாடகமே. அதில் கோவலனின் இயல்பை அறிய, அவன் மொழிந்தவற்றைக் காட்டிலும் அவனைச் சூழ்ந்து நின்றவற்றை நோக்குதல் நன்று.

மதுரை மதிற்கொடிகள் வரவேண்டா எனத் தடுப்பனபோல் அசைகின்றன. வையையோ மலர்ப்போர்வையால் தன் கண்ணீரை மறைத்துச் செல்கிறாள். கோவலன் கண்ணுக்கு அவை வெறும் கொடியும் ஆறுமே. தீக்கனாக் கண்டு மாடலனிடம் உரைத்தவனும் அவனே. ஆயினும் சிலம்புடன் புறப்பட்டுவிடுகிறான். வழியில் ஏறு ஒன்று எதிர்த்துப் பாய்கிறது. அது தீநிமித்தம் என்பதை அவன் குலத்தார் அறியார் என்று இளங்கோவடிகள் அமைதி கூறுகிறார். ஆய்ச்சியர் அறிவர், குடப்பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை என்றதும் அஞ்சிக் குரவையாடத் தொடங்குகின்றனர். கோவலனது அறியாமையைக் குற்றம் என்பாரும் உளர். பொற்கொல்லனையும் ஐயுறாத வெள்ளை உள்ளமாகவே அது எனக்குத் தோன்றுகிறது.

1942-இல் வெளிவந்த ‘கண்ணகி’ படத்தில் கண்ணகியாக நடித்தவர் தெலுங்கம்மையாராகிய கண்ணாம்பா என்பது ஐதராபாத்தில் வாழும் நமக்கு உவகை தருவது. நம் இளைஞர் இக்கதையை மேடையேற்றுங்கால் ஏற்றினைக் காட்ட முயல வேண்டா. திரைக்குப் பின் ஒரு கழுத்துமணி ஒலித்து அறுந்து வீழ்ந்தால் போதும். கோவலன் திரும்பிப் பாராது நடக்கட்டும்.