தெருவோரத்தில் துருப்பிடிக்கும் வாகனங்கள்

காற்றிறங்கிய சக்கரங்களோடு மாதக்கணக்கில் தெருவை அடைத்து நிற்கும் வாகனங்களைக் காணாதார் இல்லை. மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். அவசரத்திற்கு வரும் ஆம்புலன்ஸ் திரும்ப இடமிராது. "இது யாருடையது?" என்று கேட்டால், "கேட்பாரற்றது" என்றே அக்கம்பக்கத்தார் விடை பகர்வர்.

ஆனால், உரியவர் இல்லாத வாகனம் என்று ஒன்றைச் சட்டம் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ, அவரைத்தான் அது தேடி வரும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 127ஆம் பிரிவில் கூறுவது இது: பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி நிற்கும் வாகனத்தை இழுத்துச் செல்லவோ, சக்கரத்தைப் பூட்டி வைக்கவோ சீருடையணிந்த காவல்துறை அதிகாரி உத்தரவிடலாம். எரிந்தோ நொறுங்கியோ போக்குவரத்துக்கு இடையூறாய்க் கிடந்தால், உடனேயே அகற்றலாம். இழுத்துச் செல்லும் செலவு உரிமையாளரைச் சேர்ந்தது, அபராதம் தனி. பத்து மணி நேரம்! பத்தாண்டுகளாக நிற்பவற்றையும் நாம் அறிவோம்.

வளைகுடாவுக்குப் புறப்படும் அவசரத்தில், நிரப்பாத படிவத்தில் கையொப்பமிட்டு வண்டியை விற்றுச் செல்வோர் நம்மிடையே உண்டு. வாங்கியவர் பெயர் மாற்றாவிட்டால் என்னவாகும்? விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில், பலர் கை மாறிய காருக்கும் பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே மாநிலத்திற்குள் விற்றவர், 14 நாட்களுக்குள் விற்பனையைப் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்தாக வேண்டும்.

தந்தையார் வஃபாத்தான பின் அவருடைய ஸ்கூட்டரைத் தொட மனமின்றி வாசலிலேயே விட்டுவிடும் குடும்பங்களும் உள. அந்த மனநிலை புரிந்துகொள்ளத் தக்கதே. எனினும், அவ்வண்டியைத் தொடர்ந்து ஓட்ட விரும்பும் வாரிசு, 30 நாட்களுக்குள் இறப்பைத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி.

இனி ஓடவே ஓடாது என்றாகிவிட்ட வண்டியையோ, பெரும்பாலோர் காயலான் கடைக்கே தள்ளிச் செல்கின்றனர். (காயல்பட்டினத்து வணிகரால் வந்த பெயர் என்பர்.) அங்கே எடைக்கேற்பப் பணம் கிடைத்துவிடும், பெயர் மட்டும் பதிவேட்டிலேயே இருக்கும். அறவே பயனற்றுப்போன வாகனத்தைப் பற்றி 14 நாட்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், பதிவுச் சான்றிதழுடன் அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 55ஆம் பிரிவு. 2021 செப்டம்பரில் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைப்போருக்கு, ஒப்படைத்ததற்கான சான்றிதழும் வழங்கப்படுகிறது.