இழுத்துவிடும், நிற்குமா?

அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரோலெட் சி-10 பிக்கப் டிரக்குகளுக்கு இன்றும் கிராக்கி குறையவில்லை. துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, கண்காட்சியில் நிறுத்துபவர்கள் ஒருபுறம். அதே வண்டியில் படகையோ கேம்பிங் டிரெய்லரையோ மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் இறங்க நினைப்பவர்கள் மறுபுறம். இந்த இரண்டாம் வகையினரில் பலர் முதலில் பணத்தைக் கொட்டுவது எஞ்சினில்தான். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எஞ்சினில் பலம் குறைந்தால் வண்டி மேட்டில் திணறும், அவ்வளவுதான். பிரேக்கில் பலம் குறைந்தால் முன்னால் போகிறவரின் உயிருக்கு ஆபத்து.

கணக்கைப் பார்த்தாலே விளங்கும். டிரக்கின் எடை ஏறத்தாழ 2 டன் என்று வையுங்கள். பின்னால் 3 டன் டிரெய்லர். நிறுத்த வேண்டிய எடை இரண்டரை மடங்காகிவிட்டது. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 110 ஆனால், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், ஏறக்குறைய இன்னொரு இரண்டு மடங்கு. ஆக, டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால், வெறும் டிரக்கை 80-இல் நிறுத்துவதைப்போல ஐந்து மடங்கு வெப்பத்தை அந்தப் பழைய பிரேக்குகள் விழுங்க வேண்டும். சி-10-க்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் வந்ததே 1971-இல்தான். அதற்கு முந்தையவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகும். லைனிங்கின் பிடிப்பும் தளரும். ஈரம் உறிஞ்சிய பழைய பிரேக் ஆயில் என்றால், டாட்-3 வகையின் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸிலிருந்து 140 அளவுக்குச் சரிந்திருக்கும். ஆயில் கொதித்து ஆவியானால், மிதிக்கிற அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. கொலராடோவில் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலுள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையைத் தாண்டி மேற்கே இறங்கும் ஐ-70 சாலை 100 மீட்டருக்கு 7 மீட்டர் வரை சரிகிறது. இத்தகைய இறக்கத்தில்தான் இவையெல்லாம் ஒன்றுசேரும்.

எனவே முதல் செலவு முன்சக்கர டிஸ்க் பிரேக். 1967-க்கு முந்தைய வண்டியாக இருந்தால் இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டரும் கட்டாயம். ஒற்றைப் பாதையில் ஒரு ஹோஸ் வெடித்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். டிஸ்க்கை மாட்டிவிட்டு டிரம்முக்கான பழைய சிலிண்டரையே விட்டுவைப்பது ஆபத்து. அதில் லைனில் சிறிது அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு உண்டு. அந்த அழுத்தம் பேடை டிஸ்க்கோடு விடாமல் உரசவைத்து, காலை எடுத்த பிறகும் சூடேற்றிக்கொண்டே இருக்கும்.

டிரெய்லரிலேயே பிரேக் இருந்தால் டிரக்கை ஏன் தொட வேண்டும் என்பார்கள். டிரெய்லர் பிரேக் இன்றியமையாதது, மறுப்பில்லை. 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோவைத் தாண்டினால் பல மாநிலங்களில் சட்டமே அதைக் கேட்கிறது. வண்டி வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்ப மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலரும், டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் போடும் சுவிட்சும் வேண்டும். ஆனால் இவை 50 ஆண்டுப் பழைய வயரிங்கை நம்பி இயங்குபவை. ஓர் இணைப்பு துருப்பிடித்தால் முழுப் பாரமும் டிரக்கின் தலையில்தான்.

அடுத்தது கொக்கியில் இறங்கும் பாரம். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல் நெளியும். 3 டன்னுக்கு அது 300 முதல் 450 கிலோ. பின் அச்சுக்கும் பின்னால் இவ்வளவு பாரம் தொங்கினால் முன்சக்கரங்கள் லேசாகும். ஸ்டீயரிங்கும் நிறுத்தும் திறனும் பெரிதும் நம்பியிருப்பது அந்த முன்சக்கரங்களைத்தான். எடையை முன்னுக்குப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் இதற்கு உதவும். அதை பம்பரில் மாட்டக் கூடாது, சேஸில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அதற்கு முன் சேஸில் விரிசலும் துருவும் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். கூடுதல் ஸ்பிரிங்கோ காற்றுப் பையோ போட்டால் வண்டியின் பின்பகுதி நிமிரும். ஆக்சில், பேரிங், சேஸ் ஆகியவற்றின் தாங்குதிறன் அப்படியே இருக்கும். நிமிர்ந்து நிற்கும் வண்டியைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம்.

அந்தக் காலத்து விவசாயிகள் இதில் இழுக்காத பாரமா என்ற கேள்விக்கு மதிப்புண்டு. அவர்கள் பெரும்பாலும் பண்ணைச் சாலையில், மெதுவாக இழுத்தார்கள். இன்று 110-இல் பாயும் போக்குவரத்துக்கு நடுவே இழுக்க வேண்டியிருக்கிறது. பழைமையைக் கெடுக்கிறோம் என்ற மனக்குறைக்கும் வழியிருக்கிறது. டிஸ்க் பிரேக், மாஸ்டர் சிலிண்டர் இரண்டும் போல்ட்டில் மாட்டக்கூடியவை. கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்தினால் எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இத்தனையும் செய்தாலும் சி-10 சுமைத் திறனில் அரை டன் வகை டிரக்தான். எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், பயணச் சாமான்களோடு டிரக்கையும் டிரெய்லரையும் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் அந்த வசதி கிடைக்கிறது. ஒவ்வோர் ஆக்சிலிலும் விழும் எடையை, தயாரிப்பாளர் விதித்த வரம்போடு ஒப்பிடுங்கள். வரம்பு மீறினால் அந்த டிரெய்லரை முக்கால் டன் வகைப் புதிய டிரக்கிடம் ஒப்படைத்துவிடுங்கள்.